தானே ஓடும் ஜெனரேட்டர் என்று சாதிக்கும் சொந்தக்காரரிடம் எப்படிப் பேசுவது?

தண்ணீரில் ஓடும் எஞ்சின், தனக்குத் தானே மின்சாரம் தயாரித்து ஓடும் ஜெனரேட்டர் என்று அடித்துப் பேசும் சொந்தக்காரரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இப்படிப்பட்டவர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. ஆற்றலைப் புதிதாக உருவாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்கிற ஆற்றல் அழியாமை விதியை அவர்களிடம் எடுத்துவைத்து நான் வாதாடுவதே இல்லை. நேராகச் சோதனைக்குப் போய்விடுவேன், அதுவும் என் பொருட்களை வைத்து.

காரணம், ராமர் பிள்ளை விவகாரம். ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்துக்காரர். மூலிகை போட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக 1996-இல் சொன்னார். டெல்லி வரை கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார்கள். எல்லார் கண்ணும் இலை மேலேயே இருந்தது. சூட்சுமமோ கிண்டிய கோலில்! உள்ளே காலியான கோலில் எரிபொருளை நிரப்பி, முனையை மெழுகால் அடைத்துவிட்டால், கொதிநீரில் மெழுகு உருகி உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். மூலிகையின் வேதியியலை விடிய விடிய விவாதித்திருந்தாலும் அந்தக் கோல் மாட்டியிருக்காது. நம் கோலைக் கொடுத்துக் கிண்டச் சொன்னால்தான் மாட்டும்.

ஒருமுறை ஒரு லேத் பட்டறைக்காரர் தன் இயந்திரத்தைக் காட்டக் கூட்டிப்போனார். மோட்டார், பெல்ட், ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம், சுற்றினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது, ஆல்டர்னேட்டர் அதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, மிச்சத்தில் பல்பு எரிகிறது என்றார். "பேட்டரியைக் கழற்றிட்டு ஓட்டுங்கண்ணே" என்றேன். சக்கரத்தின் கனத்தில் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. "பேரிங் டைட்டா இருக்கு சார்" என்றார். இதற்காகத்தான், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், நின்றுபோனால் என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, மனதார நம்பியவர். வேலைப்பாடும் அருமை, அதை வாய்விட்டுச் சொன்னேன். கேலி செய்திருந்தால் பேட்டரியைத் தொடவே விட்டிருக்க மாட்டார்.

இப்படி வெளியிலிருந்து ஆற்றல் வாங்காமல் ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொல்லும் நிரந்தர இயக்க இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்தது. இந்த ஆசையால் குடும்பங்கள் நாசமானதையும் அப்போதே குறிப்பிட்டார்கள். எனக்கும் பெரிய கவலை அதுதான். ராமர் பிள்ளை விஷயமும் செய்துகாட்டியதோடு முடியவில்லை. ரசாயனங்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்ற வழக்கில், 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதனால் உங்கள் சொந்தக்காரர் யாரிடமாவது முதலீடு கேட்கிறாரா, வீட்டு நகை அடகுக்குப் போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி இருந்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பணம் போடப் போகிறவரைக் கூட்டிப்போய், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.