லிஞ்சிங் என்றால் என்ன, அந்தப் பெயர் எப்படி வந்தது?
விசாரணையே இல்லாமல், ஒருவர் மேல் குற்றம் சாட்டி ஒரு கும்பலே அவரைக் கொன்றுவிடுவதுதான் லிஞ்சிங். பந்து போட்டவரே அம்பயராகவும் நின்று அவுட் கொடுப்பது மாதிரி, ஆனால் இங்கே போவது உயிர். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சார்லஸ் லிஞ்ச், 1780 வாக்கில் அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் ஆதரவாளர்களை முறையான நீதிமன்றம் இல்லாமலே தண்டித்தார், அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் சொல்வார்கள். அப்போது அது பெரும்பாலும் சவுக்கடிதான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அப்புறம், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களைப் பயமுறுத்தி அடக்கிவைக்கும் கொடூரமாக அது மாறியது. டஸ்கீகி நிறுவனம் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கல்வி நிறுவனம், 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்த 4,743 பேரில் 3,446 பேர் கறுப்பினத்தவர். இதற்கென்று அமெரிக்காவில் தனி மத்தியச் சட்டம் 2022-இல்தான் வந்தது, நினைத்தாலே மனசு ஆறவில்லை. தூக்கில் போட்டால்தான் லிஞ்சிங் என்று பலர் நினைக்கிறார்கள், அடித்தோ சுட்டோ எரித்தோ கொன்றாலும் அதுவும் லிஞ்சிங்தான்.