கார் இல்லை, துணையும் இல்லை: சோழநாடு பார்க்கலாமா?
(வாசகர் கேள்வி – பதில்)

எனக்கு 68 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் நிதானமாகப் பார்க்க ஆசை. வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லை. ஒரு கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் நடப்பேன். தனியாகப் போக முடியுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாகப் போகலாம். கார்ப் பயணத்தில் ஒரே நாளில் மூன்று கோயிலையும் முடித்துவிடுவார்கள், எதுவும் மனதில் நிற்காது. பஸ்ஸில் போகிறவர் ஒரு பொழுதுக்கு ஒரு கோயில் என்றுதான் போக முடியும். இந்தக் கோயில்களைப் பார்க்க அதுதான் சரியான வேகம்.

கும்பகோணத்தில் தங்குங்கள். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் அருகருகே இருக்கின்றன. தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுமார் 35, தாராசுரத்துக்கு நான்குக்குள். தஞ்சாவூரில் தங்கினால் வெளியூர் பஸ்கள் பலவற்றுக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வர வேண்டும். அந்த அலைச்சல் தினமும் வேண்டாம்.

கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி காலையில் கிளம்பி மதியவாக்கில் கும்பகோணத்தில் விடும். உட்கார்ந்து போகும் ரயில், செவ்வாய்க்கிழமை கிடையாது. அன்று மாலை நாகேஸ்வரன் கோயிலுக்கு மட்டும் போங்கள். கருவறைச் சுவரில் இருக்கும் முற்காலச் சோழச் சிற்பங்கள், பெரிய கோயில்களின் பிரம்மாண்டத்தைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை.

இரண்டாம் நாள் கங்கைகொண்ட சோழபுரம். மூன்றில் இதுதான் பஸ்ஸுக்குக் கடினமானது, அதனால் உடம்பு களைக்காத முதல் முழுநாளிலேயே முடித்துவிடுங்கள். காலை ஏழுக்குள் கிளம்ப வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: ஜெயங்கொண்டம் போகும் பஸ் எல்லாம் கோயில் வழியாகப் போகும் என்று நம்பி ஏறிவிடுகிறார்கள். ஏறும் முன்பே கண்டக்டரிடம் “கோயில் ஸ்டாப்பில் நிற்குமா?” என்று கேளுங்கள். நிற்காது என்றால் ஜெயங்கொண்டம் வரை போய், அங்கிருந்து சிதம்பரம் பக்கம் போகும் சாதாரண பஸ்ஸில் வாருங்கள், பத்து கிலோமீட்டர்தான். திரும்பும்போதும் சாலையோரம் வெயிலில் காத்திருக்காதீர்கள். எந்த பஸ் முதலில் நிற்கிறதோ அதில் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் உட்கார இடமும் தண்ணீரும் கிடைக்கும், கும்பகோணம் பஸ்ஸும் கிடைக்கும். கோயிலருகே சிறு கடைகள்தான், இட்லியோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போங்கள்.

கோயிலில் வடக்குப் படிக்கட்டருகே, சிவபக்தரான சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நேரம் எடுத்து நில்லுங்கள். ராஜேந்திர சோழன் எழுப்பிய இந்த விமானம் (கருவறை மேல் உள்ள கோபுரம்) தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவு, வளைவு மென்மையானது. தஞ்சையை இதற்குப் பிறகு பார்ப்பதால் அந்த வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் காலை தாராசுரம். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெளிச்சம்தான் நல்லது. டவுன் பஸ் போதும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பயணம் இலவசம், ஆனால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கண்டக்டரிடம் வாங்கிக் கையில் வைத்திருங்கள். கருவறையின் புறச்சுவரைச் சுற்றி நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து குனிந்து பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் முன்பக்கத் தாழ்வான பகுதியில் தண்ணீர் தேங்கும், பாசி வழுக்கும்.

மதியம் ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிவாக்கில் பையோடு தஞ்சாவூருக்குக் கிளம்பி, ரயில் நிலையத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் இரவு தங்குங்கள். 1010-இல் முடிந்த பெரிய கோயிலை அந்திவெயிலில் பாருங்கள். பிரதோஷ நாளாக இருந்தால் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கும். விமானத்தின் உட்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, அதற்காகக் காத்திருந்து ஏமாற வேண்டாம். மறுநாள் காலை அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள். பையை விடுதி வரவேற்பறையில் விட்டுவிட்டுப் போனால் கை ஓய்வாக இருக்கும். திரும்பும் ஜன சதாப்தி பிற்பகலில் தஞ்சாவூரிலும் நிற்கும்.

சென்னையிலிருந்து ரயிலில் போக நினைக்கிறேன். 71 வயதாகியும் எனக்கு மேல் படுக்கையே வருகிறது. என்ன செய்வது?
- வாசகர், சென்னை

வயதைக் குறித்தால் மட்டும் போதாது. முன்பதிவின்போது ‘பொது’ ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, கீழ்ப்படுக்கை மற்றும் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான் இருக்கலாம். மகனையோ பேத்தியையோ அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதில் இடம் தீர்ந்திருந்தால், பொது ஒதுக்கீட்டிலேயே ‘கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தெரிவு உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, முழுக் கட்டணம் என்றே கணக்கு வையுங்கள்.

ஆனால் உங்களுக்கு என் யோசனை, இரவு ரயிலே வேண்டாம். உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தை விடியுமுன் அடைந்துவிடும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பையோடு இறங்குவதுதான் தனியாக வருகிற முதியவருக்கு இந்தப் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. காலையில் சென்னையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸில் பகலிலேயே போய் இறங்குங்கள்.

தனியாக வரும் வயதானவர்களுக்கு அறை தர மறுக்கிறார்களாமே?
- வாசகி, மதுரை

சில விடுதிகள் தயங்குவது உண்மைதான். முன்கூட்டியே போன் செய்து வயதையும் தனியாக வருவதையும் சொல்லிவிடுங்கள். உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், அசல் ஆதாரைக் கொண்டுபோங்கள். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். தரைத்தளம் அல்லது லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை இரண்டும் முக்கியம். முகூர்த்த நாட்களில் கும்பகோணத்தில் அறைகள் நிரம்பிவிடும், நாட்காட்டியைப் பார்த்துத் தேதி வையுங்கள். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் சிற்பம் பார்க்க வழியே இருக்காது.

ஆட்டோ பேசும்போது எப்படி ஏமாறாமல் இருப்பது?
- வாசகர், திருநெல்வேலி

கும்பகோணத்திலிருந்து தாராசுரம், திருபுவனம் இரண்டுக்கும் ஆட்டோ தேவையில்லை. பட்டீஸ்வரம், பழையாறை பக்கம் போவதானால் அரைநாள் பேசுங்கள், அங்கே கோயிலுக்குக் கோயில் பஸ்ஸை நம்ப முடியாது. ஊர்ப் பெயர்கள், போய்வரும் கணக்கு, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். பணம் கடைசியில்தான். பட்டுக்கடைக்கும் சிலைக்கடைக்கும் போக வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். சுவாமிமலையைச் சேர்த்தால், அங்கே 60 படிகள் ஏற வேண்டும்.

கல் தரையில் வெறுங்காலுடன் நடக்க முடியவில்லை. சர்க்கரை நோயும் இருக்கிறது.
- வாசகி, சேலம்

கால் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். தடித்த பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள், கோயிலுக்குள் ஒன்று, மாற்றுவதற்கு ஒன்று. பத்தரை மணிக்குமேல் திறந்த பிராகாரத்தில் நடக்காதீர்கள். எப்படியும் 12 மணியையொட்டி நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். போகும் மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரியாக இருக்கட்டும். அறைக்குத் திரும்பியதும் இரண்டு பாதங்களையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.