ஒன்பது நாள் கேட்காத நிப்பிள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது ஏழு மாதம் ஆகிறது. இன்னும் ரப்பர் நிப்பிளை விட மறுக்கிறான். நான் சமைக்கும்போதும், பகலில் என் கணவர் தூங்கும்போதும், இரவில் அவன் தூங்கும்போதும் அது வாயில் இருந்தே ஆக வேண்டும். தொலைந்துவிடக் கூடாதே என்று கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். ஒளித்து வைத்தால் அரை மணி நேரம் அழுகிறான். கொடுத்த பிறகுதான் அடங்குகிறான். இராணிப்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வரும் கணவருக்கு அழுகைச் சத்தம் ஆகாது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரும் முகம் சுளிக்கிறார். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் சென்றிருந்தபோது என் மாமியார் ஒன்பது நாளும் அவனைத் தெருப் பிள்ளைகளோடு புழுதியில் விட்டுவிட்டார். உடம்பெல்லாம் வேர்க்குரு, நிப்பிளைக்கூடக் கேட்காத அளவுக்குக் களைத்துப் போனான். வரும் விஜயதசமியன்று பள்ளியில் சேர்க்க வேண்டும். நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவினால் விட்டுவிடுவான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: வேப்பெண்ணெய் தடவாதீர்கள். தாய்ப்பால் மறக்கடிக்க மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசும் பழைய வழக்கத்தை நினைத்து உங்கள் பக்கத்து வீட்டார் இதைச் சொல்லியிருக்கலாம். இலையை அரைத்துப் பூசுவது வேறு, வேப்பங்கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெயை ஒரு குழந்தை சப்பிச் சப்பி விழுங்குவது வேறு. சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் வேப்பெண்ணெய் போய், வாந்தியில் தொடங்கி வலிப்பு வரை கொண்டு சென்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிளகாய்த்தூளும் வேண்டாம், வாய்க்குப் போன கை அடுத்த நொடியே கண்ணுக்குப் போகும். அந்தக் கறுப்புக் கயிற்றையோ, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து சென்று அறுத்துவிடுங்கள். தூக்கத்தில் புரளும் பிள்ளையின் கழுத்தில் கயிறு இருக்கவே கூடாது. அது கட்டில் விளிம்பிலோ சன்னல் கொக்கியிலோ மாட்டிக்கொண்டால், உங்களைக் கூப்பிடக்கூட அவனால் முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிப்பிளை எப்படி மறக்கடிப்பது என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் தானாக விட்டுவிடுவார்கள், மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று இரண்டு வரி எழுதி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால், உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டு, அதைப் படிக்காமலேயே உறையை ஒட்டியிருக்கிறீர்கள். மாமியாரைக் குறை சொல்வதற்காக எழுதிய அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். ஒன்பது நாள் அவன் நிப்பிளைக் கேட்கவில்லை.

களைப்பினால் கேட்கவில்லை என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா, பிள்ளை வளர்த்த எவரையாவது கேட்டுப் பாருங்கள்: நிப்பிளுக்குப் பழகிய குழந்தை அதைக் கேட்பதே களைத்துப்போன நேரத்தில்தான். கண் செருகும் வேளையில்தான் வாய் அதைத் தேடும். அதுவும் எப்படிப்பட்ட ஒன்பது நாட்கள்! வைகாசி முதல் நாள், கெங்கையம்மனின் சிரசு, அதாவது அம்மனின் தலை, ஊர்வலமாக வரும் தெருக்களில் நிற்க இடமில்லாத கூட்டம், மேளமும் வெடியும், அக்கினி நட்சத்திர வெயில், பழகாத வீடு, பழகாத படுக்கை. ஒரு குழந்தை மிரண்டுபோய் எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும் என்று தேடுவதற்கு இவற்றைவிட வேறு காரணம் வேண்டாம். அத்தனைக்கும் நடுவில் அவன் அதை மறந்திருந்தான் என்றால், அந்த ரப்பர் துண்டு செய்துவந்த வேலையை அங்கே வேறு ஏதோ ஒன்று, வேறு யாரோ ஒருவர் செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். புழுதியைப் பற்றி எழுதினீர்கள், வேர்க்குருவைப் பற்றி எழுதினீர்கள். அந்த ஒன்பது இரவும் அவனைத் தூங்க வைத்தது யார் என்று எழுதவில்லை. நீங்களாக இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சத்துவாச்சாரி வீட்டில் அது அவன் வாய்க்குள் போகும் நேரங்களையும் நீங்களே பட்டியலிட்டிருக்கிறீர்கள். இரவுத் தூக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒன்று நீங்கள் சமைக்கும் நேரம், மற்றொன்று உங்கள் கணவர் தூங்கும் நேரம். இரண்டுக்கும் மேலாகக் கீழ்வீட்டாரின் முகச்சுளிப்பு. இவற்றில் எது குழந்தையின் தேவை? பெரியவர்கள் மூன்று பேருக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறுவனின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. நிப்பிளை விட மறுப்பவன் அவன் என்று எழுதுகிறீர்கள். அதை விட முடியாமல் இருப்பது உங்கள் வீடு.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டுக் காலையில் வந்து விழும் மனிதருக்குப் பகல் தூக்கம் சோற்றுக்குச் சமம் என்பதை நான் அறிவேன். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வேலை செய்பவர்களின் வீடுகளிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பலவற்றில் இந்தச் சிரமம் இருக்கிறது. ஆனால், இத்தனை நீளமான கடிதத்தில் அவர் வருவது இரண்டே இடத்தில், ஒன்றில் தூங்குபவராக, மற்றொன்றில் அழுகைச் சத்தம் ஆகாதவராக. பெற்ற பிள்ளையின் அழுகையைத் தாங்குவது தாய்க்கு மட்டும் எழுதிவைத்த கடமை அல்ல. தூங்குவதற்கு அவருக்கு ஒரு கதவு மூடிய அறையும், காதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சும் கொடுங்கள். விடுமுறை நாளில் மகனைத் தூங்க வைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். கீழ்வீட்டாரிடம் நீங்களே சென்று, பிள்ளைக்கு நிப்பிளை மறக்கடிக்கிறோம், ஒரு வாரம் சத்தம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கும் மனிதர்களில் பலர், யாரும் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதற்காகச் சுளிப்பவர்கள்.

உங்கள் மகன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தால் நான் இவ்வளவு கடிந்து எழுதியிருக்க மாட்டேன். கைக்குழந்தைக்குச் சப்புவது பிறவியிலேயே வருவது; கருவிலேயே விரல் சப்பும் பிள்ளைகள் உண்டு. குறைமாதத்தில் பிறந்து குழாய் வழியாகப் பால் பெறும் சிசுக்களுக்கு மருத்துவமனைகளிலேயே இதைச் சப்பக் கொடுப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் தாய்ப்பாலுக்காக வகுத்த பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ரப்பர் காம்பும் நிப்பிளும் கொடுக்கவே கூடாது என்று இருந்தது; 2018-இல் அந்தப் படியைத் திருத்தி, அவற்றைப் பயன்படுத்துவது பற்றியும் அவற்றால் வரும் ஆபத்துகள் பற்றியும் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். ஆகவே கொடுத்ததற்காக நான் உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் மூன்று வயது நிறைகிறது. இருபது பால் பற்களும் முளைத்து முடியும் பருவம் இது. மூன்று வயதைத் தாண்டியும் நிப்பிள் வாயில் இருந்தால் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் சந்து விழும். மேல்தாடை குறுகிக் கடைவாய்ப் பற்கள் மாறிப் பொருந்தும். அதற்குள் நிறுத்திவிட்டால் முன்பற்களின் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். நிப்பிள் சப்பும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பதும் அதிகம்.

பேச்சைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதால் நானே கேட்கிறேன். அம்மா என்று சொல்ல இரண்டு உதடுகளும் ஒட்ட வேண்டும், அப்பா என்று சொல்லவும் ஒட்ட வேண்டும். நடுவில் ரப்பர் இருக்கும்போது அவை எப்படி ஒட்டும்? நீங்கள் சமைக்கும் ஒரு மணி நேரம், உருளைக்கிழங்கு எது, வெங்காயம் எது, குக்கர் ஏன் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பிள்ளை, வாயில் அதை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பல்லைவிட இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சலோ சளியோ இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, முதலில் பகலில் நிறுத்துங்கள். படுக்கையைவிட்டு நிப்பிள் வெளியே வரக் கூடாது. சமைக்கும்போது அடுப்பிலிருந்து தள்ளி அவனைத் தரையில் உட்கார வைத்து, கொத்தமல்லி ஆய்வதற்கோ பட்டாணி உரிப்பதற்கோ கொடுத்து, கூடவே பேசிக்கொண்டிருங்கள். உரித்த பட்டாணியை வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் கண் வைத்திருங்கள். நிப்பிளைப் பிடுங்கிய கையால் கைப்பேசியை நீட்டாதீர்கள். அது இன்னொரு அடைப்புதான். நிப்பிளின் நுனியை வெட்டிக் கொடுக்கும் யோசனையையும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வெட்டிய ரப்பர் கிழிந்து தொண்டையில் சிக்கும். அடுத்த வாரம் உங்கள் கணவரை நான்கு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லி, மூவருமாகக் குடியாத்தத்துக்குப் பேருந்து ஏறுங்கள். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நீங்கள் திரும்பிவிடக் கூடாது. தாயையும் நிப்பிளையும் ஒரே நாளில் இழக்கும்படி செய்வது கொடுமை. புறப்படும் முன் வீட்டில் இருக்கும் நிப்பிள்களை எல்லாம் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்தால் நள்ளிரவில் உங்கள் கை அதைத் தேடிப் போகும்.

பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது, பூச்சாண்டி வந்து எடுத்துக்கொண்டான் என்றெல்லாம் அவனிடம் சொல்லாதீர்கள். நீ வளர்ந்துவிட்டாய், இனி நிப்பிள் இல்லை, அம்மா தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். அவனுக்குப் புரியும். முதல் இரண்டு மூன்று இரவுகள் அழுவான். அழட்டும், ஆனால் தனியாக அழவிடாதீர்கள். மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள், உங்கள் கணவரும் எழுந்து தோளில் போட்டுக்கொண்டு நான்கு நடை நடக்கட்டும். இதுவரை அரை மணி நேர அழுகைக்குப் பிறகு கொடுத்துக் கொடுத்து, அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று நீங்களே அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் இம்முறை ஒரு மணி நேரம்கூட அழுது பார்ப்பான். அந்த நேரத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை இதைவிட இரண்டு மடங்கு கடினம். விரலை வாயில் வைக்க ஆரம்பித்தால் அதட்டாமல் அந்தக் கையை உங்கள் கைக்குள் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்தை நான் தேர்ந்தெடுத்ததில் உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். தனிக்குடித்தனம் போனதைத் தவறென்று நான் சொல்லவில்லை. வேலை இருக்கும் ஊரில்தான் வீடு இருக்க முடியும். ஆனால் பிள்ளை வளர்ப்பு ஒரு பெண் நான்கு சுவருக்குள் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய காரியம் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஒரு மடி சலித்தால் இன்னொரு மடி வேண்டும், தாய்க்குக் கை ஓயாதபோது தூக்கிக்கொள்ள வேறொரு கை வேண்டும். உங்களுக்கு அது இல்லாததால்தான் அந்த இடத்தில் ரப்பர் வந்து உட்கார்ந்தது. உங்கள் சோம்பலால் அல்ல. ஆனால் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் அந்த மடி இருக்கும்போது, அதைப் புழுதி என்றும் வேர்க்குரு என்றும் எழுதித் தள்ளிவிட உங்களுக்கு உரிமை இல்லை. புழுதி ஒரு குளியலில் போகும். வேர்க்குரு, வெயில் தணிந்தால் அடங்கிவிடும். உங்கள் அத்தையின் பிள்ளை வளர்ப்பில் உங்களுக்குப் பிடிக்காதவை இருந்தால் முகத்தைப் பார்த்துப் பணிவாகச் சொல்லுங்கள், அவர் தொப்பி வாங்கி மாட்டியே தெருவில் விடுவார். நான்கு நாளோடு முடித்துக்கொள்ளாமல், மாதம் இரண்டு முறையாவது அவனை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

விஜயதசமி வரை காத்திருக்க வேண்டாம். முதல் முறையாக உங்களைப் பிரிந்து பள்ளியில் உட்காரும் வாரத்தில் இதையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றாதீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

இன்று மாலையே உங்கள் அத்தையைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அந்த ஒன்பது இரவும் அவனை எப்படித் தூங்க வைத்தீர்கள்? என்ன கதை சொன்னார், எந்தப் பக்கம் படுக்க வைத்தார், முதுகைத் தடவினாரா, காலைப் பிடித்துவிட்டாரா, விளக்கை எப்போது அணைத்தார் என்று விவரமாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.