பெட்டகத்தில் கிடைத்த ஸ்பானிய வெள்ளி

கேள்வி: எங்கள் ஐயாவின் தகப்பனார் பினாங்குக் கிட்டங்கியில் தொழில் பார்த்தவர். அவருடைய பெட்டகத்தில், இலைமாலை சூடிய அரசரின் முகமும் ‘கரோலஸ்’ என்ற பெயரும் 1796 என்ற ஆண்டும் பொறித்த பெரிய வெள்ளிக் காசு ஒன்று இருந்தது. இது நினைவுக் காசா? கறுத்திருப்பதால் புளியிட்டுத் துலக்கலாமா? இத்தகைய காசுகளைச் சேர்க்க விரும்புகிறேன்.
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தயவுசெய்து துலக்காதீர்கள். புளியும் விபூதியும் குத்துவிளக்குக்கு ஏற்றவை. காசிலோ அரசரின் முடிக்கற்றைகளையே அவை தேய்த்துவிடும். அந்தக் கறுப்பு இருநூறு ஆண்டுகளில் தானாகப் படிந்தது, சேகரிப்பவர்கள் அதையே விரும்புகிறார்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

உங்களிடம் இருப்பது நினைவுக் காசு அன்று. ‘கரோலஸ்’ என்று அதில் பெயர் பொறித்த ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ் காலத்தில் புழங்கிய எட்டு ரியால் காசு; ரியால் என்பது அந்நாட்டுப் பண அலகு. ஆண்டு இருக்கும் பக்கத்திற்கு மறுபக்க எழுத்துகளிடையே, ‘எம்’ எழுத்தின் தலையில் சிறு வட்டம் தெரிந்தால், அது அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோ நகரத்து அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் சாலையில், அடித்தது. மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு 1815 வரை ஓடிய கப்பல்கள் இந்த வெள்ளியைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தன. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஸ்பானிய டாலர் எனப்பட்ட இந்த எட்டு ரியால் காசிலேயே வணிகம் நடந்த காலம் உண்டு என்பதால், அது உங்கள் வீட்டுக்கு வந்ததில் வியப்பில்லை. சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகள் இருந்தால், அவற்றைக் குறையாக எண்ண வேண்டாம்; காசு கடந்துவந்த வழிக்கு அவையே சாட்சி.

நினைவுக் காசு என்று சேர்க்கத் தகுந்தவை, புதிய அரசர் பதவியேற்றதை நகரந்தோறும் அறிவித்தபோது வெளியிட்டவை. நான்காம் கார்லோஸுக்காக 1789-ஐ ஒட்டியும், அவர் மகன் ஏழாம் பெர்னாண்டோவுக்காக 1808-ஐ ஒட்டியும் மெக்சிகோ, லிமா முதலிய நகரங்கள் அவற்றை அடித்தன. விழாவில் கூட்டத்தின்மீது வெள்ளிக் காசுகளை வாரி இறைப்பதும் வழக்கம். பலர் அவற்றை அணிந்துகொண்டதால் துளையிட்டவையே மிகுதியாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவையே போதும் என்பது என் கருத்து.

எட்டு ரியாலில் போலி மிக அதிகம். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனாலும் சிறு தராசைக் கையோடு கொண்டுபோங்கள். தேயாத காசு 27 கிராம் இருக்கும். குறுக்களவு 4 சென்டிமீட்டரை ஒட்டி வரும். விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறிமாறி ஓடி, எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். போலி செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப எண்ண வேண்டாம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.