கண்ணாடி வராந்தாவுக்கு எந்த பிளைண்ட், எந்த நாற்காலி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோ பீச்சில் எங்கள் வீடு. வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறோம். 4 மீட்டருக்கு 3 மீட்டர். வடக்கிலும் மேற்கிலும் கண்ணாடி, மேலே ஓடு. கோடையில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை. பிளைண்டும் நாற்காலிகளும் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பணத்தில் பெரும்பங்கை மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தெற்கு வெயிலைப் பற்றி எழுதும். நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. டிசம்பர் நண்பகலில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் வடக்குக் கண்ணாடியைத் தாழ்வாரமே காத்துவிடும். ஜூனில் சுமார் 37 டிகிரி உயரம்தான். அந்த வெயில் உள்ளே வரட்டும், குளிருக்கு இதம். வடக்கே சாதாரண ரோலர் பிளைண்ட் போதும்.

மேற்கு வெயில் தாழ்ந்து நேராக அடிப்பதால் தாழ்வாரம் உதவாது. கண்ணாடியைத் தாண்டிய வெயிலை உள்ளே தொங்கும் துணி மறைக்கும், ஆனால் தானும் சூடேறி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். ஆகவே அங்கே வெளிப்புறத் திரைதான் சரி: 5 சதவீதத் திறப்புள்ள (அதாவது பரப்பில் 5 சதவீதம் மட்டும் துளையாக உள்ள) பிவிசி வலைத்துணி, இரு ஓரமும் சட்டத்துக்குள் ஓடும்படி. சட்டமில்லாமல் தொங்கவிட்டால் தென்மேற்குக் காற்றில் படபடத்து ஓரம் கிழியும். ஜன்னல் வெளிப்பக்கம் திறப்பதானால், கதவு திரையில் இடிக்காதபடி சட்டத்தைத் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். உள்ளேதான் போட முடியும் என்றால், கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கருநிறத் தடித்த துணியைக் கண்ணாடியோடு ஒட்டவிடாதீர்கள். நடுவில் சூடு தேங்கிச் சில கண்ணாடிகள் விரிசல் விடும்.

ஜன்னல் குழிக்குள் பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே அளந்து மிகச் சிறியதைக் கொடுங்கள். கடையில் அது குழியின் அளவா, பிளைண்டின் அளவா என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் சில மில்லிமீட்டர் கழித்து அவர்களும் கழித்தால், ஓரத்து இடைவெளியில் வெயில் கோடாக விழும். சிறுபிள்ளைகள் வரும் வீட்டில் தொங்கும் கயிறு, சங்கிலி வளையம் வேண்டவே வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் வகை கேளுங்கள்.

நாற்காலிக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டம் நல்லது. கடையில் ஒரு சிறு காந்தத்தைச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, கடல் காற்றில் கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு கிளம்பும். கவிழ்த்துத் திருகாணிகளையும் பாருங்கள், முதலில் கெடுவது அவைதான். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் கேளுங்கள். 304 கடலோரத்தில் பழுப்புக்கறை படியும். இயற்கைப் பிரம்பு பார்க்க அழகு, ஆனால் வெயிலில் வெடித்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கருநிறக் கைப்பிடி சுடும்.

மெத்தைத் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் மேலே அச்சிட்ட சாயம், வெயிலில் சீக்கிரம் மங்கும். நூலாகும் முன்பே சாயமேற்றிய அக்ரிலிக்தான் தாங்கும். உறைக்கு ஜிப் இருக்க வேண்டும், கழற்றித் துவைக்க.

இந்த அளவு அறைக்கு இருவர் அமரும் சோபா ஒன்று, நாற்காலி இரண்டு, ஒரு சிறு மேசை. நடக்க 75 சென்டிமீட்டர் விடுங்கள். கண்ணாடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் உள்ளிருக்கும் பிளைண்டும் தடையின்றி இறங்கும். வெளித்திரையையும் அதன் சட்டத்தையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்குங்கள். துணி காய்ந்த பிறகே சுருட்டுங்கள்.