ஆஸ்துமா உள்ள அம்மா டியூலிப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 12 வருடமாக ஆஸ்துமா, தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். ஸ்ரீநகர் போய் டியூலிப் பூக்களைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஏப்ரல் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். "அத்தனை பூவின் மகரந்தமும் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆவது?" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அழைத்துப் போகலாமா, டாக்டர்? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். அம்மாவின் ஆஸ்துமா இப்போது கட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். கடந்த 4 வாரத்தில் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் பகலில் வீசிங் வந்ததா? மூச்சிரைப்பால் ராத்திரி எழுந்து உட்கார்ந்தாரா? உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலரை வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் எடுத்தாரா? மூச்சு வாங்குகிறதென்று வேலைகளைக் குறைத்துக்கொண்டாரா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், கிளம்ப 2 வாரம் இருக்கும்போதே அவருடைய டாக்டரைப் பாருங்கள்.

இனி பூவுக்கு வருவோம். தால் ஏரியையொட்டி, ஜபர்வான் மலையடிவாரத்தில் இருக்கிற அந்தத் தோட்டம் 2007இல் உருவாக்கப்பட்டது. சுமார் 30 ஹெக்டேர், லட்சக்கணக்கான டியூலிப். ஆனால் டியூலிப்பின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. பூச்சிகளின் உடம்பில் ஒட்டிப் போகிற வகை என்பதால் காற்றில் அதிகம் மிதக்காது. மூச்சுக்குழாயைத் தொந்தரவு செய்பவை பெரும்பாலும் காற்றில் பறக்கிற நுண்ணிய மகரந்தங்கள்தான். வசந்தத்தில் பூக்கும் சினார், பாப்லர் மரங்களும் புற்களும் அந்த ரகம். அதனால் அறைக்குத் திரும்பியதும் முகம் கழுவி உடை மாற்றச் சொல்லுங்கள். அந்தத் தோட்டத்தில் ஹயசிந்த் பூவும் உண்டு. அதன் வாசனை ரொம்பத் தூக்கலாக இருக்கும். ஊதுபத்தி, சென்ட் வாசனைக்கே அம்மாவுக்கு இருமல் வருமென்றால் அந்தப் பாத்திகளைத் தள்ளி நின்று பார்க்கட்டும்.

எனக்குக் கவலை குளிரும் புகையும்தான். திருச்சி வெயிலிலிருந்து போகிறவருக்கு ஏப்ரல் முதல் வார ஸ்ரீநகரின் காலைக்குளிர் சட்டென்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மஃப்ளரைச் சுற்றிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். தோட்டம் சரிவில் அடுக்கடுக்காக இருக்கிறது, நின்று நின்று ஏறட்டும்.

அறை எடுக்கும்போதே, கரி போட்ட காங்ரியும் (கையில் வைத்துக் குளிர்காயும் தணல்சட்டி) விறகு புகாரியும் (அறையைச் சூடாக்கும் அடுப்பு) வேண்டாம், மின்சார ஹீட்டர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பூட்டிய அறையில் கரி எரிவது ஆஸ்துமா இல்லாதவருக்கும் ஆபத்து. தூசு ஒவ்வாமை இருந்தால் படகு வீட்டில் தங்காதீர்கள். கம்பளமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தூசுப்பூச்சியும் பூஞ்சையும் வளரும். ஷிகாரா என்கிற சின்னப் படகில் ஏரியைச் சுற்றி வரட்டும், அதில் பயமில்லை.

தினமும் எடுக்கிற இன்ஹேலரைப் பயண நாட்களிலும் ஒரு வேளைகூட விடக்கூடாது. உடனடி நிவாரண இன்ஹேலர் இரண்டு வாங்கி, ஒன்றை அம்மாவின் கைப்பையிலும் இன்னொன்றை உங்களிடமும் வையுங்கள். விமானத்தில் லக்கேஜோடு போட்டுவிடாதீர்கள். குளிரில் இன்ஹேலர் சில்லிட்டுப் போனால் மருந்து சரியான அளவில் வராது, உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். மூச்சிரைப்பு வந்தால் உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்துகிற குழல்) வழியாக ஒவ்வொன்றாக 4 பஃப் கொடுங்கள். 20 நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 20 நிமிடம் காத்திருக்கவே வேண்டாம்.

அப்புறம், டூர்க்காரர்கள் குல்மார்கையும் சேர்த்திருப்பார்கள். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள்தான், அந்த உயரம் பிரச்சினையில்லை. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து ரோப் காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,900 மீட்டருக்குத் தூக்கிவிடும். அதில் மட்டும் அம்மா ஏற வேண்டாம். நீங்கள் போய் வரும்வரை அவரோடு ஒருவர் கீழே இருங்கள், இன்ஹேலரோடு.