மம்முட்டி கடன் கேட்ட பக்கத்து வீட்டுக்காரன்

கேள்வி: எங்க வீட்டுக்காரர் ராத்திரியானா யூடியூப்ல கொலைகாரன் கதையாத்தான் ஓட்டுறாருங்க. சிகாகோவுல எச்.எச்.ஹோம்ஸ்னு ஒருத்தன் மர்ம ஹோட்டல் கட்டி 200 பேர கொன்னானாமே, நெஜமாங்ணா? இப்பல்லாம் பொள்ளாச்சியில லாட்ஜுல தங்கறதுக்கே பயமா இருக்குது.
வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: லாட்ஜுக்கு பயப்படாதீங்கம்மா, அந்த 200 கணக்கு பின்னாடி வந்தவங்க அளந்து விட்டது. அவன் உண்மையான பேரு ஹெர்மன் மட்ஜெட், 1861ல பொறந்தவன், டாக்டருக்கு படிச்சவன். சிகாகோ எங்கிள்வுட்ல கீழ கடை மேல ரூம்னு ஒரு பில்டிங் கட்டுனான், அத ஹோட்டலாக்கறேன்னு 1893 உலக கண்காட்சிய காட்டி கடன் வாங்குனான், சாமான் எடுத்த கடைக்காரங்களுக்கு பட்டை நாமம். ஹோட்டலா அது ஒழுங்கா நடக்கவே இல்ல. அவன்கிட்ட வேலைக்கு வந்த, அவன நம்பி வந்த சில பொண்ணுங்க காணாம போனது நெஜம், ஆனா விஷவாயு ரூமு, ரகசிய சுரங்கம்னு வர்றதுல முக்காவாசி பேப்பர்காரங்க கைவரிசை. தூக்குக்கு முன்னாடி அவனே காசு வாங்கிட்டு 27 கொலைன்னு பேப்பருக்கு எழுதிக் குடுத்தான், அந்த லிஸ்ட்ல இருந்த சில பேரு அப்ப உயிரோடயே இருந்தாங்க!

எனக்கு தூக்கம் கெட்டது ஹோட்டலால இல்லீங்க, மூணு குழந்தைகளால. ஹோம்ஸோட கூட்டாளி பென்ஜமின் பிட்செல், அவம் பேர்ல 10,000 டாலருக்கு இன்சூரன்ஸ், வேற பொணத்த வச்சு செத்துட்டதா காட்டி பணத்த பிரிச்சுக்கலாம்னு பேச்சு. 1894 செப்டம்பர்ல பிலடெல்பியாவுல நெஜமாவே பிட்செலையே கொன்னுட்டான். அப்புறம் பிட்செல் சம்சாரத்துகிட்ட, புருஷன் உயிரோட தலைமறைவா இருக்கான்னு சொல்லி, ஆலிஸ், நெல்லி, ஹோவர்டுன்னு மூணு பசங்கள தான் பாத்துக்கறேன்னு கூட்டிட்டு ஊர் ஊரா அலைஞ்சான். டெட்ராய்ட்ல அம்மா ஒரு எடத்துல, பொண்ணுங்க ரெண்டு பேரும் சில தெரு தள்ளி வேற எடத்துல, ரெண்டு பக்கமும் தெரியாது. அம்மா நெனப்பு வந்து பசங்க எழுதுன லெட்டரெல்லாம் தபால்ல போடறேன்னு வாங்கி ஒரு தகரப் பெட்டியில போட்டு வச்சுட்டான், ஒண்ணு கூட போய் சேரல.

அவன் மாட்டுனது எப்படின்னா, முன்ன ஒரு ஜெயில்ல கூட இருந்த ரயில் கொள்ளைக்காரனுக்கு, நல்ல வக்கீல சொன்னதுக்கு 500 டாலர் தர்றேன்னு சொல்லி ஏமாத்துனான், அவன் போட்டுக் குடுத்துட்டான். எல்லாரையும் ஏமாத்துனவன் கமிஷன் காசுல மாட்டுனான் பாருங்க.

ஃபிராங்க் கையர்னு ஒரு டிடெக்டிவ் 1895ல அந்த லெட்டர்களையே வழிகாட்டியா வச்சு ஊர் ஊரா போயி, டொராண்டோவுல ஒரு வாடகை வீட்ட புடிச்சாரு. பக்கத்து வீட்டு பெரியவர், ஆமா, உருளைக்கிழங்கு போட்டு வைக்க பாதாள அறையில குழி வெட்டணும்னு எங்கிட்டதான் மம்முட்டி வாங்கிட்டு போனான்னாரு. (பாலக்காடு பக்கத்து வாசகர்களே, நடிகர் இல்லீங்க, மண்ணு வெட்டறது.) அந்த பெரியவர்கிட்டயே மறுபடி வாங்கி கையர் தோண்டுனாரு, ரெண்டு பொண்ணுங்களும் அங்கதான் இருந்தாங்க. பையன் ஹோவர்டு, இண்டியானாபொலிஸ் பக்கத்துல ஒரு வீட்டு புகைபோக்கியில பல்லும் எலும்புமா கெடைச்சான். நம்ம ஊர்ல மம்முட்டி கேட்டா எதுக்குன்னு கூட கேக்காம எடுத்துக் குடுப்போம், இத படிச்சதுல இருந்து எனக்கு ஒரு நிமிஷம் கை நிக்குதுங்க.

கேள்வி: அவன தூக்குல போடவே இல்ல, ஆள் மாறாட்டம்னு கமெண்ட்ல போட்டிருக்காங்களே?
அதே வாசகி

பதில்: விடமாட்டீங்க போல! 1896 மே 7, பிலடெல்பியா ஜெயில்ல பிட்செல் கொலைக்காக தூக்கு. தன் பொணத்த யாரும் தோண்டக் கூடாதுன்னு பெட்டிக்கு சிமெண்ட் ஊத்தச் சொல்லி கேட்டு வாங்கிட்டான், பொணம் மாத்தற பொழப்பு பாத்தவனாச்சே, அதனாலயே தப்பிச்சுட்டான்னு ஊர் பேசுச்சு. 2017ல அவன் வம்சத்துக்காரங்களே கேட்டு தோண்டுனாங்க. சிமெண்டுக்குள்ள துணியும் மீசையும் கூட அப்படியே இருந்துச்சாம், பல்ல வச்சு அவனேதான்னு உறுதி பண்ணிட்டு மறுபடி மூடிட்டாங்க.